கண்ணாடிக்குள் கடல்: புதிய நீருக்குப் பழகிய கதை

1887 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் நாளிதழ் ஒன்று வழக்கத்திற்கு மாறான மரணச் செய்தியொன்றை வெளியிட்டது. இறந்தவரை எடின்பரோ நகரத்தார் 'கிரானி', அதாவது பாட்டி, என்று அழைத்து வந்தனர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்த அந்தப் பாட்டி ஒரு கடற்சாமந்தி. பூப்போல விரிந்து, தொட்டால் சுருங்கிக் கொள்ளும் எலும்பில்லாத சிறு கடலுயிரி. சேர் ஜோன் டல்யெல் என்ற இயற்கையியலாளர் 1828 இல் நோர்த் பெரிக் கரையோரப் பாறையிலிருந்து அதனை எடுத்து வந்து, கண்ணாடிச் சாடியொன்றில் வளர்த்தார். 1851 இல் டல்யெல் இறந்தார். அதன் பின்னரும் கைமாறிக் கைமாறி, இறுதியில் எடின்பரோ தாவரவியற் பூங்காவில் பாட்டி உயிர்விட்டது. வளர்த்தவரை விட வளர்ப்புயிர் 36 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது.

பாட்டியின் சாடியில் இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. கடலிலிருந்து அடிக்கடி புது நீர் சுமந்து வரப்பட்டது. பழைய நீர் கொட்டப்பட்டது. அவ்வளவுதான். ஆனால் கடலுக்கு அருகில் வாழாதவரும், நீர் சுமக்க ஆள் வைக்க இயலாதவரும் கடலுயிரிகளை வீட்டில் வைத்திருப்பது எப்படி? இந்த வினாவிற்கு விடைகாண மனிதர் முயன்ற வரலாறு இருநூறு ஆண்டுகளை அண்மிக்கிறது. அந்த வரலாற்றின் கடைசிக் காட்சியை இன்று ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இலண்டனிலோ யாரும் பார்க்கலாம். கடையில் வாங்கிய மீன் பொலித்தீன் பையோடு தொட்டியின் நீரில் மிதக்க விடப்படுகிறது. பின்னர் தொட்டியின் நீர் துளித்துளியாகப் பைநீரோடு சேர்க்கப்படுகிறது. அதன் பிறகே மீன் தொட்டிக்குள் விடப்படுகிறது. கடலுயிரி வளர்ப்போர் இதனை இணக்கப்படுத்தல் என்பர். புதிய நீருக்கு உயிரியைப் பழக்குதல் என்று நாம் சொல்லலாம்.

ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகின்ற இச்சிறு சடங்கின் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது, குடியேற்றவாதம் இருக்கிறது, பெயர் பதியப்படாத பலரின் உழைப்பும் இருக்கிறது. நமது இலங்கைக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு.

சன்னலோரத்துப் பணிப்பெண்

கடலுயிரிகளைக் கண்ணாடிக்குள் வைத்து முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினாவில் வாழ்ந்த அவர், 1832 இல் கண்ணாடித் தொட்டிகளையும் கடலுக்குள் இறக்கக்கூடிய கூடுகளையும் அமைத்து ஆர்கோனோட் எனப்படும் எண்காலி இனத்தை அவதானித்தார். அந்த உயிரி தனது ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, வேறோர் உயிரியிடமிருந்து பறித்துக் கொள்கிறதா என்ற பழைய சர்ச்சை அவரது அவதானிப்புகளால் தீர்ந்தது. ஓடு அதனுடையதே.

அவருக்குக் கடல் அருகில் இருந்தது. இலண்டனில் வாழ்ந்த அனா தின் அம்மையாருக்கு அந்த வசதி இருக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் திருத்தலத்தின் குருமார் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1846 இல் டோர்கி கரையிலிருந்து உயிருள்ள முருகைகளைச் சாடியொன்றில் நீருடன் இலண்டனுக்குக் கொண்டு வந்தார். கொண்டுவந்த கடல்நீர் பழுதாகிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எனவே திறந்த சன்னலின் முன்னால் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு அந்நீரை அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். காற்றோடு கலந்த நீர் மீண்டும் உயிர் பெற்றது. அடுத்த ஆண்டில் கடற்பாசிகளையும் சேர்த்தார். முருகைகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பெருகின.

நீரை ஊற்றிய கைகள் அம்மையாருடையவை அல்ல. அது களைப்பூட்டும் வேலை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அதனைச் செய்தவள் வீட்டிலிருந்த இளம் பணிப்பெண். இன்று மின்சாரத்தில் இயங்கும் காற்றுப்பம்பி செய்கின்ற வேலையை அன்று செய்தவள் அவள். அவளது பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

1850 இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர், தாவரம், மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி நிற்க முடியும் என்பதை விளக்கினார். தாவரம் ஒட்சிசனைத் தரும். மீன் அதனைச் சுவாசிக்கும். நத்தை அழுகலைத் தின்னும். நன்னீரில் கண்ட இச்சமநிலையைப் பின்னர் கடல்நீரிலும் பரிசோதித்தார். 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. 1854 இல் பிலிப் ஹென்றி கொஸ் தமது 'அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்கையும் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் எழுதினார். கடலைக் காணாத ஊரிலும் கடலைக் கரைத்து எடுக்கலாம் என்ற நிலை பிறந்தது.

அடுத்த சில ஆண்டுகள் பிரித்தானியாவில் பெரும் மோகம் பரவியது. வாளியும் உளியுமாக நடுத்தர வர்க்கத்தார் கரையோரங்களுக்குப் படையெடுத்தனர். அள்ளிச் சென்றவற்றுள் பெரும்பகுதி சில நாட்களில் அழுகி நாறியது. அழிந்ததை ஈடுசெய்ய மீண்டும் அள்ளினர். கொஸ்ஸின் மகன் எட்மண்ட் 1907 இல் வெளியிட்ட தமது வாழ்க்கை நினைவுகளில், தந்தையின் நூல்களால் தூண்டப்பட்ட கூட்டம் அந்தப் பாறைக் குளங்களைச் சூறையாடி வெறுமையாக்கியதையும், தந்தையை அது வருத்தியதையும் பதிவு செய்துள்ளார். கடலை நேசிக்கச் சொன்னவரின் எழுத்தே கரையோரம் ஒன்றைக் காலி செய்தது.

பாரிஸின் 'இணக்கப் பூங்கா'

இணக்கப்படுத்தல் என்ற சொல்லுக்கு அக்காலத்தில் மற்றொரு பொருளும் இருந்தது. 1854 இல் பாரிஸ் நகரில் இசிடோர் ஜொவ்ருவா செந்திலேரின் தலைமையில் ஒரு சங்கம் அமைந்தது. குடியேற்ற நாடுகளின் விலங்குகளையும் தாவரங்களையும் பிரான்சின் காலநிலைக்குப் பழக்கிப் பயன் பெறுவதே அதன் நோக்கம். அச்சங்கத்தின் பூங்கா 1860 இல் திறக்கப்பட்டது. 'ஜார்டன் டக்லிமட்டசியோன்' என்ற அதன் பெயருக்கு இணக்கப்படுத்தும் பூங்கா என்று பொருள். அடுத்த ஆண்டு அங்கே கடல்நீர்த் தொட்டிகளும் மக்கள் பார்வைக்கு வந்தன.

1877 இலிருந்து அப்பூங்காவில் விலங்குகளோடு மனிதர்களும் காட்சிக்கு வைக்கப்பட்டனர். ஆபிரிக்கர், தென்னமெரிக்கப் பழங்குடியினர் எனப் பலர் வந்தனர். 1883 இல் இலங்கையர் குழுவொன்றும் அங்கே கொண்டு வரப்பட்டது. பாரிஸ் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி அவர்களைப் பார்த்தனர். ஆய்வாளர்கள் நிழற்படம் பிடித்தனர். இதே காலப்பகுதியில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் இலங்கையரையும் யானைகளையும் ஐரோப்பிய நகரங்கள் தோறும் காட்டிப் பணம் திரட்டினார். அவரது மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி விலங்குகளைச் சேகரித்து ஏற்றுமதி செய்தார். 1920களின் பிற்பகுதியில் அவர் தெகிவளையில் அமைத்த விலங்குச் சேகரிப்பே, 1936 இல் அரசின் கைக்கு வந்து இன்றைய தெகிவளை விலங்கியற் பூங்காவாயிற்று. நம்மில் பலர் சிறுவயதில் முதன்முதலாகக் கண்ணாடிக்குள் மீன்களைக் கண்டது அங்கேதான்.

தமிழகத்திலும் இதையொத்த ஒரு பொருத்தம் உண்டு. 1909 இல் சென்னை மெரீனாக் கடற்கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. அதற்கு வித்திட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909 இல்தான். மனிதரின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் கொண்டு அளந்து வகைப்படுத்திய அதே அதிகாரி, மீன்களுக்கும் கண்ணாடித் தொட்டி அமைத்தார். பிடித்து வந்து, பெயரிட்டு, காட்சிக்கு வைப்பது அந்தக் காலத்து ஆட்சியாளரின் அறிவு முறை. மெரீனாவின் அக்காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மறைந்தது.

உடலுக்குள் ஒரு கடல்

புதிய நீரில் உயிரி ஏன் இறக்கிறது? அந்தக் காலத்தவர் பெரும்பாலும் ஒட்சிசன் குறைவையே குற்றம் சாட்டினர். அது பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது கழிவு. மீன் தனது கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகப் பூக்களின் வழியே, அதாவது செவுள்களின் வழியே, நீரில் விடுகிறது. அது கொடிய நஞ்சு. கடலில் அது உடனே கலைந்துவிடும், தொட்டியில் தேங்கும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களை ரஷ்யரான சேர்கை வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தறிந்தார். மண்ணில் கண்டறிந்த அவ்வுண்மை மீன்தொட்டிக்கும் பொருந்தும் என்பது வளர்ப்போர் மத்தியில் பரவலாக வேரூன்றப் பல தசாப்தங்கள் சென்றன. புதிதாக நிரப்பிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுபவர் அதனை நஞ்சுக்குள் விடுகிறார். உயிரி நீருக்குப் பழகும் முன்னர் நீர் உயிரிக்குத் தயாராக வேண்டும்.

அறிவியல் விளங்காத காலத்திலேயே அனுபவத்தால் இதனை நெருங்கியவர் வில்லியம் அல்போர்ட் லொயிட். இலண்டனில் கடலுயிரிகளையும் கடல்நீரையும் விற்ற வணிகர் அவர். 1871 இல் கிறிஸ்டல் பலஸ் காட்சியகத்தை அமைத்தபோது, காட்சித் தொட்டிகளைக் காட்டிலும் பல மடங்கு பெரிய இருட்டுத் தேக்கத்தைக் கீழே கட்டி, நீரை ஓயாது சுழல விட்டார். நீரை மாற்றுவதற்குப் பதிலாக ஓட விடுவது அவரது வழி. பின்வந்த பெருங்காட்சியகங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

இரண்டாவது காரணம் உப்பு. பெருங்கடல் நீரின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. கடல்மீனின் உடல்நீரோ அதன் மூன்றில் ஒரு பங்கு உவர்ப்பையே கொண்டது. ஆகவே உடலிலுள்ள நீர் இடைவிடாது வெளியேறியபடி இருக்கிறது. நீருக்குள் வாழ்ந்தும் கடல்மீன் தாகத்தில் வாழ்கிறது என்றால் அது மிகையன்று. மீன் கடல்நீரைக் குடித்தே அந்த இழப்பை ஈடுசெய்கிறது என்பதை அமெரிக்கரான ஹோமர் ஸ்மித் 1930 இல் நிறுவினார். மிகுதி உப்பை வெளியேற்றும் கலங்கள் பூக்களில் இருப்பதை 1932 இல் கீஸ், வில்மர் ஆகிய இருவரும் விலாங்கு மீனில் கண்டனர்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாரி மழையில் ஏரியின் உவர்ப்பு குறையும். கோடையில் கடலையும் விஞ்சும். அத்தகைய நீர்நிலைகளில் கொடுவாவும் பாலைமீனும் உயிர் வாழ்கின்றன. அவற்றின் உடல் இரு நிலைகளுக்கும் மாறிக் கொள்ளக்கூடியது. முருகைக்கற்பாரில் பிறந்து வளர்ந்த வண்ணமீனுக்கு அத்தகைய பயிற்சி இல்லை. அதன் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே உவர்ப்பில் இருக்கிறது.

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடலட்டை போன்றவற்றின் நிலை இன்னும் இக்கட்டானது. அவற்றின் உடல்நீரின் உவர்ப்பு வெளியேயுள்ள கடலின் உவர்ப்பே. உப்பை வெளியே தள்ளும் உறுப்பு அவற்றுக்கு இல்லை. வெளிநீர் திடீரென மாறினால் உடலுக்குள்ளிருக்கும் கடலும் மாறிவிடுகிறது. கலங்கள் வீங்கும் அல்லது சுருங்கும். புறத்தில் காயமெதுவும் தெரியாது. சில நாட்களின் பின்னர் நட்சத்திர மீனின் கரங்கள் சிதையத் தொடங்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் எண்ணுவார். துளித்துளியாக நீர் சேர்க்கும் முறை முதன்மையாக இத்தகைய உயிரிகளுக்கே தேவைப்படுகிறது.

பைக்குள் அடைபட்ட நாள்

இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன்கள் ஏற்றுமதியாகத் தொடங்கியது 1930களில். உலகில் இவ்வணிகத்தின் மிகப் பழைய தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. 1950களில் விமானப் போக்குவரத்து அதனை விரிவாக்கியது. 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக் கடலில் மூழ்கத் தொடங்கியபோது, அவர்களுடன் கடலுக்குள் இறங்கியவர் இலங்கையரான ரொட்னி ஜொங்க்ளஸ். வெப்பமண்டலக் கடல்மீன்களைச் சேகரிக்கும் முறை பற்றி 1975 இல் அவர் எழுதிய நூல் வெளிநாட்டு வளர்ப்போருக்குக் கையேடாயிற்று.

மீன் பயணப்படும் விதம் அன்றும் இன்றும் பெரிதாக மாறவில்லை. மூழ்குநர் சிறுவலையால் மீனைப் பிடிக்கிறார். ஏற்றுமதியாளரின் தொட்டியில் ஓரிரு நாட்கள் உணவின்றி வைக்கின்றனர். வயிறு வெறுமையானால் பைநீர் விரைவில் அழுக்காகாது. பின்னர் பையில் ஒரு பங்கு நீரும், அதனிலும் கூடிய பங்கு ஒட்சிசனும் நிரப்பிக் கட்டி, நம்மவர் றிஜிபோம் என்று அழைக்கும் வெண்ணுரைப் பெட்டியில் அடுக்குகின்றனர். கட்டுநாயக்கவிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் கடைகள் வரை செல்ல ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

அந்த நேரத்தில் பைக்குள் ஒரு விசித்திரம் நடக்கிறது. மீன் விடும் காபனீரொட்சைட்டு நீரை அமிலத்தன்மை நோக்கித் தள்ளுகிறது. அதே வேளை அமோனியாவும் சேர்கிறது. அமிலத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த அமோனியமாக நிற்கும். அழுக்கு நீரே மீனுக்குக் கவசமாகிறது. பை திறக்கப்பட்டதும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, பீ.எச். உயர்கிறது, அமோனியம் மீண்டும் நச்சு அமோனியாவாகிறது. பீ.எச். ஓரலகு உயர்ந்தால் நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும்.

ஆகவே பழைய கைந்நூல்கள் சொல்வதுபோல எல்லா உயிரிகளையும் மணிக்கணக்கில் திறந்த பைநீரில் வைத்துத் துளித்துளியாக நீர் சேர்ப்பது, நெடும்பயணம் வந்த மீனுக்குத் தீங்காகவும் முடியலாம். பையைத் திறக்காமலே கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துவதும், பைநீரின் உவர்ப்பை அளந்து அதே உவர்ப்பில் தனித் தொட்டியொன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதும், பையைத் திறந்ததும் மீனை மட்டும் எடுத்து அதில் விடுவதும் பாதுகாப்பானவை. பின்னர் அத்தொட்டியின் உவர்ப்பைச் சில நாட்களில் மெல்ல உயர்த்தலாம். பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. விளக்கை அணைத்து வைப்பது நல்லது. இரண்டு நாள் இருளில் வந்த உயிரிக்குப் பேரொளியும் அதிர்ச்சியே.

அந்தத் தனித் தொட்டியில் சில வாரங்கள் தனிமைப்படுத்தி வைப்பதற்கும் காரணம் உண்டு. கடல்மீன்களில் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி, மீனுடலை விட்டுத் தரையில் விழுந்து உறைக்குள் பெருகி, வாரங்கள் சென்ற பின்னரும் மீண்டு வரக்கூடியது. பார்வைக்கு நலமாகத் தெரியும் ஒரு புதுமீன், பழைய மீன்கள் அனைத்தையும் அழித்துவிடலாம்.

இவ்வளவும் செய்தும் சில மீன்கள் வாரங்களில் இறப்பதுண்டு. 1960களில் பிலிப்பைன்ஸில் மீன்பிடிக்கச் சோடியம் சயனைட்டைப் பயன்படுத்தும் பழக்கம் தோன்றியது. கரைசலைப் பாரின் இடுக்குகளில் பீய்ச்சினால் மீன் மயங்கி மிதக்கும், பிடிப்பது எளிது. ஆனால் அம்மீனின் ஈரலும் குடலும் பழுதுபட்டிருக்கும், முருகைகளும் மடியும். அந்த மீனுக்கு எத்தனை மணித்தியாலம் நீர் துளித்தாலும் பயனில்லை. வாங்குபவரின் வீட்டில் நிகழும் மரணம் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டது.

தானே பழகும் மீனும், பழகியே கெடுத்த மீனும்

மனிதர் பையையும் குழாயையும் கொண்டு செய்வதைக் கோமாளி மீன் தானாகவே செய்கிறது. கடற்சாமந்தியின் கரங்கள் பிற மீன்களைக் கொட்டிக் கொல்லும். கோமாளி மீனோ அதற்குள்ளேயே குடியிருக்கிறது. புதிய சாமந்தியிடம் வரும் கோமாளி மீன் முதலில் துடுப்பின் நுனியால் தொடும், விலகும், மீண்டும் தொடும், பின்னர் வயிற்றை உரசும். இவ்வாறு சில நிமிடங்களோ, பல மணித்தியாலங்களோ சென்ற பின்னரே முழுமையாக உள்ளே நுழையும். 1958 இல் டேவன்போர்ட், நொரிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை விரிவாகப் பதிவு செய்தனர். அவசரப்படுகின்ற மனிதருக்கு அம்மீன் கற்பிக்கும் பாடம் சிறிதன்று.

அளவுக்கு மீறிப் பழகிவிட்டால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1828 முதல் 1830 வரை ஜோன் விட்சேர்ச் பெனட் என்ற பிரித்தானிய அதிகாரி, இலங்கைக் கரையோரத்து அரிய மீன்களை வண்ண ஓவியங்களுடன் நூலாக்கினார். அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று நச்சு முட்களைக் கொண்ட சிங்கமீன். அதற்கு 'மைல்ஸ்' என்று பெயர் சூட்டினார்; இலத்தீனில் படைவீரன் என்று பொருள். அப்பெயர் பொருத்தமாயிற்று. 1985 இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் சிங்கமீன் முதன்முதலாகக் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து கடலில் விடப்பட்டவையே அதற்கு மூலம் என்பது பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. அத்திலாந்திக்கில் பெருகிய இரு சிங்கமீன் இனங்களுள் பெனட் பெயரிட்டதும் ஒன்று. கரீபியன் பார்களின் சிறுமீன்களை அவை தின்று தீர்க்கின்றன. அதே இனம் சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்கும் சென்றுள்ளது. வளர்க்க முடியாது போன மீனைக் கடலில் விடுவது கருணை என்று எண்ணுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

பெயரில்லாத கைகள்

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி வரையான கடல்மீன்கள் அலங்கார வணிகத்தில் விற்கப்படுவதாக மதிப்பிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. நன்னீர் அலங்கார மீன்களின் நிலை இதற்கு நேர்மாறு. அவை பெரும்பாலும் பண்ணைகளில் பிறக்கின்றன.

அதற்காக இவ்வணிகம் முற்றாக நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. ஆயினும் சிறுவலையால் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்படும் மீன், மூழ்குநர் குடும்பமொன்றுக்குச் சோறு போடுகிறது. பாரைக் காப்பதற்கு அவருக்கு ஒரு காரணத்தையும் தருகிறது. 1998 இல் கடல் வெப்பமடைந்து ஹிக்கடுவ போன்ற இடங்களின் முருகைகள் வெளிறி மடிந்தமைக்கு மூழ்குநரின் வலை காரணமன்று. எனவே மீன் எப்படிப் பிடிக்கப்பட்டது, எத்தனை இறந்தன, பிடித்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற மூன்று வினாக்களையும் வாங்குபவர் கேட்பதே நேர்மையான தொடக்கம். கடைக்காரரிடம் பதில் இல்லையெனில் அதுவும் ஒரு பதிலே.

வேறொரு வழியும் திறந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான மார்ட்டின் மோ கோமாளி மீன்களை வணிக அளவில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். 2016 இல் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீல வைத்திய மீன் எனப்படும் இனத்தையும் பண்ணையில் வளர்த்தெடுத்தனர். பண்ணையில் பிறந்த மீன் கண்ணாடியையும் உலர் உணவையும் பிறப்பிலேயே அறிந்தது. அதனைப் பழக்குவதும் எளிது. ஆயினும் பண்ணை பெருகினால் மூழ்குநரின் பிழைப்பு என்னவாகும் என்ற வினா எஞ்சுகிறது. அப்பண்ணைகள் முருகைக்கற்பார்கள் உள்ள நாடுகளிலேயே அமைய வேண்டும் என்பது அதற்கான ஒரு விடை.

வாசகர்களுள் யாராவது இந்த வார இறுதியில் கடல்மீன் ஒன்றை வாங்கவிருப்பின், ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தொட்டியை முதலில் நிரப்பி, ஆறு வாரம் பொறுத்து, அதன் பின்னர் கடைக்குச் செல்லுங்கள். அந்தப் பையிலுள்ள நீர் வேறொரு கடலின் நீர். அதனைக் கட்டியவர் கொழும்பிலோ மணிலாவிலோ இருக்கும் ஒரு தொழிலாளி. மீனை உயிருடன் அனுப்ப அவர் தம்மாலானதைச் செய்திருக்கிறார். எஞ்சிய வேலை உங்களுடையது.